தலைச்சேரி ஆடு: பால் மரபும் தொழிற்பூங்கா ஓரத்து வளர்ப்பும்

தலைச்சேரி ஆடு கேரளத்தின் வடபகுதியான மலபாரில் உருவான வெள்ளாட்டினம். கண்ணூர், கோழிக்கோடு, மலப்புறம், வயநாடு மாவட்டங்கள் இதன் தாயகம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கின மரபணு வளங்கள் பணியகம் இதை மலபாரி என்ற பெயரில் பதிவு செய்துள்ளது. தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் பண்ணைகளிலும் தலைச்சேரி என்ற பெயரே வழங்குகிறது. பாலுக்கும் இறைச்சிக்கும் உரிய இனமாக வகைப்படுத்தப்படும் இது, ஓர் ஈற்றில் இரண்டு குட்டி போடும் வழக்கத்தாலும், கொட்டிலில் கட்டி வளர்க்கத் தோதான இயல்பாலும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்குப் பரவியிருக்கிறது.

இந்த இனத்தை ஆய்வு மந்தையாகப் பேணும் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம் எனத் தொழிற்பூங்காக்கள் நிறைந்த வட்டாரத்துக்கு அருகில் இருக்கிறது. மேய்ச்சல் நிலம் சுருங்கிவரும் ஊர்களில் இந்த ஆட்டுக்கு என்ன இடம் உண்டு என்று ஆராய இந்த வட்டாரம் பொருத்தமானது. இன்று பெரும்பாலோர் தலைச்சேரி ஆட்டை வாங்குவது குட்டிக்காகவும் இறைச்சிக்காகவும்தான். ஆனால் இரட்டைக் குட்டிகளை உயிரோடு வளர்த்தெடுப்பது தாயின் பால். பால் வளம் குறைந்தால் இந்த இனத்தின் இறைச்சி மதிப்பும் சேர்ந்தே குறையும். இனத்தின் வரலாறு, உடலமைப்பு, ஈற்று, வளர்ப்பு முறை ஆகிய அனைத்தையும் இந்த உறவை வைத்தே விளங்கிக்கொள்ள முடியும்.

தோற்றம்

வெள்ளாடு மனிதர் முதலில் பழக்கிய கால்நடைகளுள் ஒன்று. ஈரானின் சாக்ரோசு மலைப்பகுதியில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அது வளர்ப்பு விலங்காகிவிட்டதை அகழாய்வுகள் காட்டுகின்றன. அங்கிருந்து மனிதரோடு நிலவழியாகவும் கடல்வழியாகவும் அது பரவியது. கப்பலில் ஏற்றிச் செல்ல எளிதான விலங்குகளுள் ஒன்று ஆடு. இடம் குறைவாகப் பிடிக்கும், கிடைத்ததைத் தின்னும், பயணத்தின்போது பாலும் தரும்.

மலபார்க் கரை அரபு நாடுகளோடு பல நூற்றாண்டுக் கடல் வணிகம் கொண்டது. மிளகு வாங்க வந்த கப்பல்களில் வந்த மேற்காசிய ஆடுகளும், குசராத்துக் கரையிலிருந்து வந்த சூரத்தி ஆடுகளும் உள்ளூர் ஆடுகளோடு கலந்ததால் இந்த இனம் உருவானது என்பது கால்நடை நூல்கள் தரும் பொதுவான விளக்கம். தலைச்சேரி அந்த வணிகத்தின் முக்கியத் துறைமுகங்களுள் ஒன்று. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1708-இல் அங்கே கோட்டை கட்டியது. துறைமுகத்தின் பெயர் மிளகோடு ஒட்டிக்கொண்டதைப் போலவே ஆட்டோடும் ஒட்டிக்கொண்டது.

இந்திய வெள்ளாடுகளின் தாய்வழி மரபணுவை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஐந்து தாய்வழிகள் இருப்பதையும், அவற்றுள் ஒன்றே பெரும்பான்மையாக இருப்பதையும், இனங்களுக்கிடையே தாய்வழி வேறுபாடு மிகக் குறைவு என்பதையும் காட்டியது. வணிகத்தாலும் இடப்பெயர்ச்சியாலும் ஆடுகள் ஓயாமல் கலந்துவந்ததே இதற்குக் காரணம். அப்படியிருக்க, ஓர் இனத்தைத் தனி இனமாக்குவது தூய ரத்தம் என்று சொல்லப்படுவதைவிட, குறிப்பிட்ட வட்டாரத்தில் குறிப்பிட்ட தேவைக்காக மக்கள் பல தலைமுறையாகச் செய்த தேர்வுதான். மலபாரில் அந்தத் தேர்வைச் செய்தவை, வீட்டுத் தோட்டத்தில் இரண்டு மூன்று ஆடுகளை மட்டும் கட்டி வளர்த்த சிறு குடும்பங்கள்.

உடலமைப்பு

தலைச்சேரி நடுத்தர உருவம் கொண்ட ஆடு. வளர்ந்த கிடா சராசரியாக 39 கிலோவும் பெட்டை 31 கிலோவும் இருக்கும். நன்றாகத் தீவனம் பெற்ற கிடாக்கள் இதைவிட மிக அதிக எடையை எட்டுவதுண்டு. நிறம் ஒன்றல்ல: முழு வெள்ளை, முழுக் கருப்பு, பழுப்பு, இவற்றின் கலவை என எல்லாம் உண்டு. சில ஆடுகளுக்கு முடி குட்டை; சிலவற்றுக்குத் தொடையிலும் முதுகிலும் நீண்ட முடி. காதுகள் நடுத்தர நீளம்; வெளிப்புறமாகவும் கீழ்நோக்கியும் அமைந்திருக்கும். கொம்பு சிறியது, சற்றே முறுக்கியது. கிடாவுக்குத் தாடி உண்டு. பெட்டைகளிலும் சிலவற்றுக்கு உண்டு. மடி சிறியது, உருண்டையானது. காம்புகள் நடுத்தர அளவு.

நிறத்தில் இத்தனை வேறுபாடு இருப்பதற்குக் காரணம், மலபார் மக்கள் நிறத்தை ஒரு தகுதியாகக் கொள்ளாததுதான். ஈற்று, பால், உடல்நலம் ஆகியவற்றைப் பார்த்தே ஆட்டை வைத்துக்கொண்டார்கள் அல்லது விற்றார்கள். ஆகவே வெள்ளை நிறத்தை மட்டும் தலைச்சேரியின் அடையாளமாகக் கொண்டு கூடுதல் விலை கொடுப்பதற்கு இனத்தின் இலக்கணத்தில் ஆதாரம் இல்லை. நிறத்துக்காகத் தேர்வு செய்யும்போது, பால் மிகுந்த கருப்பு ஆடு கழிக்கப்பட்டு, பால் குறைந்த வெள்ளை ஆடு தங்கிவிடும்.

ஈற்றும் குட்டிகளும்

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். சினை பிடிக்காத ஆடு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். தலைச்சேரிப் பெட்டை ஒன்றரை வயது முதல் இரண்டு வயதுக்குள் முதல் குட்டி போடும். நல்ல பராமரிப்பில் எட்டு ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை ஈனும். அதாவது இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. ஈற்றுகளில் ஏறத்தாழ பாதி இரட்டை. மூன்று குட்டி போடுவதும் உண்டு; நான்கு அரிது. குறிப்பிட்ட பருவம் என்றில்லாமல் ஆண்டு முழுவதும் ஈனும் இயல்பு இதற்கு உண்டு.

இரட்டை ஈற்று வரவைப் பெருக்கும் என்ற கணக்கு சரியாவது, இரண்டு குட்டிகளும் பிழைத்து வளரும்போதுதான். இரட்டையாகப் பிறக்கும் குட்டி ஒற்றையாகப் பிறப்பதைவிட எடை குறைவாக இருக்கும். பலவும் ஒன்றரை கிலோ அளவிலேயே பிறக்கின்றன. உடம்பில் கொழுப்புச் சேமிப்பு கிட்டத்தட்ட இல்லை. பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்காவிட்டால் நோய் எதிர்ப்பு ஆற்றலும் கிடைக்காது, உடல் வெப்பமும் நிற்காது. ஆடுகளில் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருவில் இருக்கும்போது குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பால் வழியாகவே செல்கின்றன. குட்டியின் குடல் அவற்றை உறிஞ்சும் திறன் பிறந்த ஒரு நாளுக்குள் மறைந்துவிடும்.

அடுத்த மூன்று மாதங்களின் தேவையைத் தோராயமாகக் கணக்கிடலாம். குட்டியின் எடை ஒரு கிலோ கூட ஏறக்குறைய 5 முதல் 6 லிட்டர் பால் வேண்டும். ஒரு குட்டி நாளொன்றுக்கு 70 கிராம் எடை கூடுவதாக வைத்துக்கொண்டால், இரண்டு குட்டிகளுக்கும் சேர்த்து நாளுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் பால் தேவை. இலை தின்னப் பழகப் பழக இந்தத் தேவை குறையும். ஆனால் முதல் ஒரு மாதம் பாலைத் தவிர வேறு வழியில்லை. அரை லிட்டர் மட்டுமே சுரக்கும் தாய்க்கு இரட்டைக் குட்டி பிறந்தால், ஒன்று வளரும். மற்றொன்று தேய்ந்து சாகும், அல்லது இரண்டும் மெலிந்தே நிற்கும். இரட்டை ஈற்றும் போதிய பாலும் ஒரே ஆட்டில் சேர்ந்திருப்பதே தலைச்சேரியின் தனிச்சிறப்பு.

பால் அளவு

இந்திய வெள்ளாட்டினங்களைத் தொகுத்த நூல்கள் மலபாரிக்குத் தரும் சராசரி, ஒரு கறவைக் காலமான சுமார் 170 நாளில் ஏறத்தாழ 65 கிலோ பால். நாளொன்றுக்கு 400 மில்லிக்குச் சற்றுக் குறைவு. நல்ல ஆடுகள் உச்சக் கறவையில் ஒரு லிட்டரையும் தாண்டும். இந்தியாவின் பெயர் பெற்ற பாலினமான சமுனாபாரி ஒரு கறவைக் காலத்தில் சுமார் 200 கிலோ தரும். சுவிட்சர்லாந்தின் சானேன் ஆடு குளிர்நாட்டுப் பண்ணைகளில் 800 கிலோவையும் எட்டும்.

இந்த எண்களை நேரே ஒப்பிட்டுத் தலைச்சேரியைத் தாழ்ந்த கறவை என்று முடிவு கட்டுவது சரியாகாது. முதலாவது, சானேன் பண்ணைகளில் குட்டியைப் பிறந்தவுடன் பிரித்து, சுரக்கும் பால் முழுவதையும் கறந்து அளக்கிறார்கள். இந்திய வீடுகளில் குட்டி தாயிடம் குடிக்கிறது. மீதமே பாத்திரத்துக்கு வருகிறது. எனவே எந்த அளவையும் படிக்கும்போது, குட்டி குடித்தது அதில் சேர்ந்ததா என்று கேட்டாக வேண்டும். இரண்டாவது, சானேனின் எடை தலைச்சேரியின் எடையைப் போல இரு மடங்கு. அதன் தீவனத் தேவையும் அப்படியே. மூன்றாவது, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடற்கரைப் பகுதியில் அந்த அயல் ஆடு அதே அளவு பால் தருவதில்லை.

சமுனாபாரியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில், யமுனை, சம்பல் ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் வளர்ந்த இந்த உயரமான ஆடு உலகெங்கும் கொண்டுசெல்லப்பட்டது. இங்கிலாந்தின் ஆங்கிலோ நூபியன் இனத்தில் இதன் பங்கு உண்டு. இந்தோனேசியாவில் உள்ளூர் ஆட்டோடு கலந்து பெரானகான் எட்டாவா என்ற பாலினமானது. இலங்கையின் கொட்டுக்கச்சிய ஆட்டின் உருவாக்கத்திலும் இதன் ரத்தம் இருக்கிறது. இத்தனை புகழுக்குப் பிறகும் சொந்த மண்ணில் தூய சமுனாபாரியின் எண்ணிக்கை சுருங்கி, மதுரா அருகே மக்தூமில் 1979-இல் தொடங்கிய மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தனியே பேணும் நிலை வந்தது. ஓர் இனம் பல நாடுகளுக்குப் பரவுவதால் மட்டும் அது காக்கப்பட்டுவிடாது என்பதற்கு இதுவே சான்று.

பாலின் தன்மை

வெள்ளாட்டுப் பாலில் கொழுப்பு பொதுவாக 3.5 முதல் 5 விழுக்காடு. கொழுப்புத் துளிகள் பசும்பாலில் உள்ளவற்றைவிடச் சிறியவை. அவற்றை ஒன்றுசேர்க்கும் புரதமும் இதில் குறைவு. ஆகவே ஆடை விரைவில் திரள்வதில்லை. வெண்ணெய் எடுப்பதும் கடினம். ஆடு தான் உண்ணும் பச்சையிலுள்ள மஞ்சள் நிறமியை முழுமையாக வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் பால் தூய வெண்மையாக இருக்கும்.

ஆட்டுப்பாலின் வாடையைப் பலர் குறையாகச் சொல்வார்கள். குறுகிய, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் இதில் மிகுதி என்பது ஒரு காரணம். பெரிய காரணம் கிடாவின் அருகாமையும் கறவை இடத்தின் அசுத்தமும். இனப்பெருக்கப் பருவத்தில் கிடாவின் தோலிலிருந்து வரும் கடும் நெடி பாலில் எளிதில் ஏறும். கிடாவைத் தனியே கட்டி, மடியைக் கழுவித் துடைத்து, கறந்த பாலை உடனே வடிகட்டிக் காய்ச்சினால் வாடை பெரும்பாலும் இருக்காது.

ஆட்டுப்பால் பற்றிய சில நம்பிக்கைகளைச் சரிசெய்வது தேவை. இதில் பால் சர்க்கரை பசும்பாலைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு இது மாற்றாகாது. பசும்பால் புரதம் ஒவ்வாதவர்களில் பலருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-உம் இதில் குறைவு. கைக்குழந்தைக்கு ஆட்டுப்பாலை மட்டும் கொடுத்து வளர்த்தால் ரத்தசோகை வரக்கூடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இதைக் கொடுக்கக் கூடாது. டெங்கு பரவும் காலங்களில் தட்டணுக்களைக் கூட்டும் என்று நம்பி ஆட்டுப்பாலை அதிக விலைக்கு வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு மருத்துவச் சோதனைகளின் உறுதியான ஆதரவு இல்லை.

காய்ச்சாத ஆட்டுப்பால் ஆபத்தானது. மால்டா தீவில் பிரித்தானியப் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலுக்குக் காரணமான நுண்ணுயிரியை 1887-இல் டேவிட் புரூஸ் கண்டறிந்தார். அது ஆட்டுப்பால் வழியாகப் பரவுகிறது என்பதை 1905-இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் காட்டினார். புருசெல்லோசிஸ் எனப்படும் அந்த நோய் இந்தியாவிலும் உண்டு. பாலைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் நம் வழக்கமே இதற்கு எதிரான மிகச் சிறந்த காப்பு.

கலப்பினச் சோதனைகள்

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1971-இல் வெள்ளாடுகளுக்கான அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பகுதியாகத் திருச்சூர் அருகே மண்ணுத்தியில் மலபாரி ஆட்டை ஆல்பைன், சானேன் கிடாக்களோடு கலப்புச் செய்தனர். பால் கூடியது. ஆனால் அயல் ரத்தம் மிகுந்த ஆடுகள் வெப்பத்தையும் குடற்புழுவையும் தாங்கும் திறனில் பின்தங்கின. ஏழைக் குடும்பம் கொடுக்கக்கூடிய தீவனம் அவற்றுக்குப் போதவில்லை. பின்னாளில் திட்டத்தின் நோக்கு மாறியது. தலைச்சேரி, வடகரை, தானூர் முதலிய பகுதிகளில் விவசாயிகளின் வீடுகளிலேயே மலபாரி ஆடுகளின் ஈற்றையும் எடையையும் பாலையும் பதிவு செய்து, சிறந்த தாய்களின் கிடாக்களை அதே பகுதிகளுக்கு வழங்கும் முறை வந்தது. இனத்துக்குள்ளேயே தேர்வு செய்து முன்னேற்றும் இந்த வழி மெதுவானது. ஆனால் இனத்தின் தாங்கு திறனை இழக்கச் செய்யாதது.

1990-களில் வேறொரு கலப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவின் இறைச்சி இனமான போயர் ஆடு மகாராட்டிரத்தின் பல்தானில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் போயர் கிடாவைத் தலைச்சேரிப் பெட்டையோடு சேர்க்கும் வழக்கம் பரவியது. முதல் தலைமுறைக் குட்டி வேகமாக எடை கூடும். அதற்கு ஒரு காரணம் போயர் தந்தை. மற்றொரு காரணம் தலைச்சேரித் தாயின் பால். விற்பனைக்கு மட்டுமே இந்தக் கலப்பைச் செய்யும்வரை இழப்பில்லை. கலப்புப் பெட்டைகளையே மீண்டும் தாயாக வைத்துக்கொண்டு தூய தலைச்சேரியைக் கைவிட்டால், இரண்டு மூன்று தலைமுறைக்குள் இரட்டை ஈற்றும் பாலும் எந்த அளவில் மிஞ்சும் என்பது யாருடைய கட்டுப்பாட்டிலும் இருக்காது.

தமிழ்நாட்டு வெள்ளாடுகளுக்கிடையே

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 14.88 கோடிக்கு மேல் வெள்ளாடுகள் இருந்தன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம். தமிழ்நாட்டின் சொந்த இனங்கள் மூன்று பெயர் பெற்றவை. விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதியின் கன்னி ஆடு கருமையான உடலில் வெள்ளை அல்லது சிவப்புக் கோடுகள் கொண்டது. வெள்ளைக் கோடுடையதைப் பால்கன்னி என்றும் சிவப்புக் கோடுடையதைச் செங்கன்னி என்றும் சொல்வார்கள். தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதியின் கொடி ஆடு நெடிய கால்களும் மெல்லிய உடலும் உடையது. சேலம், தருமபுரி, நாமக்கல் பகுதியின் சேலம் கருப்பு முழுக் கருநிறம் கொண்டது. மூன்றும் முதன்மையாக இறைச்சி இனங்கள். வறண்ட கரிசல், தேரி, குன்றோரக் காடுகளில் நாளெல்லாம் நடந்து மேய்ந்து வாழப் பழகியவை.

தலைச்சேரி உருவான சூழல் இதற்கு நேர்மாறு. மலபாரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும். திறந்த மேய்ச்சல் நிலம் கிட்டத்தட்ட இல்லை. பலா, முருங்கை, வேலி மரங்கள் ஆகியவற்றின் தழையை ஒடித்துக் கட்டி, தரையிலிருந்து உயர்த்திய மரச்சட்டக் கூட்டில் ஆட்டை வைத்து வளர்த்தனர். பராமரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். யாழ்ப்பாணத்திலும் பூவரசு, கிளிரிசிடியா குழையைக் கட்டித் தின்னவைத்து, வீட்டுப் பாலுக்காக ஒன்றிரண்டு ஆடு வளர்க்கும் மரபு உண்டு. மந்தையாக ஓட்டிச் செல்லாமல் வீட்டோரமாகவே வளர்க்கும் இந்த முறை, நிலமும் ஆளும் குறைந்த இடங்களுக்கு இயல்பாகப் பொருந்துகிறது.

பிள்ளைப்பாக்கம் வட்டாரம்

பிள்ளைப்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தைச் சேர்ந்தது. ஏரிப்பாசனமும் நெல்லும் இப்பகுதியின் பழைய வேளாண்மை. ஏரி உள்வாய், கரம்பு, மேய்க்கால் புறம்போக்கு, அறுவடை முடிந்த வயல் என மேய்ச்சலுக்கு இடமிருந்தது. இங்கே மந்தையாக வளர்ந்தது வெள்ளாட்டைவிடச் செம்மறிதான். பழைய செங்கல்பட்டு மாவட்டமே மெட்ராஸ் சிவப்புச் செம்மறி இனத்தின் தாயகம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் என சிப்காட் தொழிற்பூங்காக்கள் விரிந்தன. பிள்ளைப்பாக்கத்தில் மின்னணு உற்பத்தித் தொகுப்பும் அமைக்கப்படுகிறது. வயலும் கரம்பும் மதிலுக்குள் போன அளவுக்கு மந்தை நடக்கும் வழியும் அடைபட்டது. நான்கு வழிச் சாலையைக் கடந்து செம்மறியை ஓட்டிச் செல்வது ஆட்டுக்கும் ஆளுக்கும் ஆபத்து. சாலையோரப் பாலித்தீனைத் தின்ற ஆட்டின் இரைப்பை அடைத்துக்கொள்ளும்.

இத்தகைய இடத்தில் வீட்டோரமாகக் கட்டி வளர்க்கும் ஆடே நிலைக்கும். அதற்கான இனமும் அறிவும் தொலைவில் இல்லை. சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையின் தென்முனையை அடுத்து, காட்டாங்கொளத்தூர் அருகே காட்டுப்பாக்கத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1989-இல் தொடங்கப்பட்ட அப்பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்திலும் சென்னை மாதவரத்திலும் தலைச்சேரி மந்தைகளை வைத்து அவற்றின் வளர்ச்சி, ஈற்று, குட்டி இறப்பு ஆகியவற்றை ஆராய்ந்திருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குவதால் விவசாயிகள் பயிற்சியும் பெற முடியும்.

2011 செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கிய அரசின் விலையில்லா ஆடுகள் திட்டம், ஐந்தாண்டில் ஏழு லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடு வழங்க இலக்கு வைத்தது. ஆட்டைச் சிறுகுடும்பத்தின் சொத்தாகக் கண்டது அதன் சிறப்பு. மேய்ச்சல் இல்லாத ஊர்களில் அந்தச் சொத்து நிலைக்க, ஆட்டோடு தீவன ஏற்பாடும் சேர வேண்டும்.

கொட்டிலும் தீவனமும்

பரண் முறைக் கொட்டில் தலைச்சேரிக்கு மிகப் பொருத்தம். தரையிலிருந்து நான்கடி உயரத்தில் மரச்சட்டங்களையோ வலுவான பிளாஸ்டிக் தளத்தையோ சிறு இடைவெளி விட்டு அமைத்தால் புழுக்கையும் சிறுநீரும் கீழே விழும். ஆடு உலர்ந்த இடத்தில் நிற்கும். குட்டியின் கால் சிக்காத அளவு இடைவெளி இருக்க வேண்டும். பெரிய ஆடு ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி தேவை. காஞ்சிபுரம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும்போது, ஈரத்தரையால் வரும் குளம்பு அழுகலையும் குட்டிகளின் சளிக்காய்ச்சலையும் பரண் வெகுவாகக் குறைக்கும். கீழே சேரும் புழுக்கை நல்ல எருவாக விலை போகும்.

வளர்ந்த ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிலோ பசுந்தீவனமும், சிறிது உலர்தீவனமும், 100 முதல் 300 கிராம் அடர்தீவனமும் வேண்டும். பத்து ஆட்டுக்கு நாளுக்கு 40 கிலோ பசுமை என்று கொள்ளலாம். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், நீரும் எருவும் தவறாமல் கிடைத்தால் எக்டருக்கு ஆண்டில் 380 டன் வரை விளையும். பத்து சென்டில் நாளுக்கு 40 கிலோ என்ற கணக்கு இதில் கிடைக்கிறது. விவசாயியின் கையில் அதில் பாதி விளைந்தாலும் இருபது சென்ட் போதும். ஆயினும் வெள்ளாடு புல்லைவிடத் தழையை விரும்புவது. தீவனத்தில் பாதியாவது வேலிமசால், அகத்தி, சவுண்டல், கிளிரிசிடியா, முருங்கை போன்ற புரதம் மிகுந்த தழையாக இருந்தால்தான் பால் குறையாது. இம்மரங்களை வேலியோரத்திலும் வரப்பிலும் நடலாம். தனி நிலம் வேண்டாம். சவுண்டல் தழையை மட்டும் தொடர்ந்து கொடுத்தால் அதிலுள்ள மிமோசின் என்னும் நச்சுப்பொருள் முடி உதிர்வை உண்டாக்கும். மற்றத் தழையோடு கலந்தே கொடுக்க வேண்டும்.

உணவுக்கூடங்கள் பெருகிய பகுதிகளில் மீந்த சோற்றை ஆட்டுக்குக் கொட்டும் வழக்கம் எளிதில் ஏற்படும். அதிகச் சோறு தின்ற ஆட்டின் இரைப்பையில் அமிலம் பெருகி, ஓரிரு நாளில் ஆடு இறக்கவும் கூடும். சினையின் கடைசி ஒன்றரை மாதத்திலும் ஈன்ற முதல் இரண்டு மாதத்திலும் அடர்தீவனத்தைக் கூட்டுவது இரட்டைக் குட்டி சுமக்கும் தாய்க்கு இன்றியமையாதது. அந்த நேரத்துச் சிக்கனம் பாலைக் குறைத்துக் குட்டியைக் கொல்லும்.

நோய்கள்

ஆட்டுக்கொல்லி நோய் வெள்ளாட்டையும் செம்மறியையும் கூட்டமாகச் சாய்க்கும் வைரஸ் நோய். இந்தியாவில் இது முதன்முதலில் 1987-இல் விழுப்புரம் அருகே அரசூரில் உறுதி செய்யப்பட்டது. அங்கே பிரித்தெடுத்த வைரஸைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அரசூர் 87 என்ற தடுப்பூசியை உருவாக்கியது. 2030-க்குள் இந்த நோயை உலகிலிருந்தே ஒழிப்பது பன்னாட்டு இலக்கு. துள்ளுமாரி நோய்க்கு ஆண்டுதோறும் மழைக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லை அளவுக்கு மீறித் தின்னும்போது அது தாக்கும். பரணில் வளரும் ஆட்டுக்குக் குடற்புழுத் தொல்லை குறைவு. ஆனாலும் சாணப் பரிசோதனை செய்து மருந்து கொடுப்பது நல்லது. கறவை ஆட்டில் மடிநோயைக் கவனிக்காவிட்டால் ஒரு காம்பு நிரந்தரமாக அடைபடும். இரண்டே காம்புள்ள விலங்கில் அது பாலில் பாதியை இழப்பதாகும்; இரட்டைக் குட்டியில் ஒன்று பசியில் நிற்கும்.

தேர்வும் பதிவும்

தலைச்சேரி இன்று எண்ணிக்கையில் அழியும் இனம் அன்று. அதற்குள்ள ஆபத்து வேறு. சந்தை எடையையும் உயரத்தையும் நிறத்தையும் பார்த்து விலை சொல்கிறது, பாலைப் பார்ப்பதில்லை. ஓர் ஈற்றில் மிக வேகமாகப் பெருத்த கிடாக்குட்டி பெருநாள் சந்தைக்குப் போய்விடுகிறது. அதன் தாயின் பால் எவ்வளவு என்று குறித்து வைத்தவர் இல்லை. சிறந்த தாய்களின் ஆண் குட்டிகள் விற்பனைக்குப் போய், விலை போகாதது கிடாவாகத் தங்கினால் தலைமுறைக்குத் தலைமுறை மந்தை தேயும்.

இதற்கான மருந்து எளிய பதிவேடு. ஈன்ற நாள், குட்டிகளின் எண்ணிக்கை, பிறப்பு எடை, மூன்றாம் மாத எடை, பிழைத்த எண்ணிக்கை ஆகியவற்றோடு, மாதம் ஒரு நாள் பால் அளவும் குறிக்க வேண்டும். முதல் நாள் மாலை மடியைக் கறந்து குட்டிகளைப் பிரித்து, பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கறந்து அளந்து இரட்டித்தால் ஒரு நாள் பால் தெரியும். அளந்த பாலைக் குட்டிகளுக்கே ஊட்டிவிடலாம். பால் அளக்க முடியாத வீட்டில், இரட்டைக் குட்டிகளின் மூன்றாம் மாத எடையைக் கூட்டிப் பார்ப்பதே தாயின் பாலுக்கு நம்பத்தக்க மறைமுக அளவு. இந்த அளவுகளில் சிறந்த தாயின் மகனையே கிடாவாக வைக்க வேண்டும். 20 முதல் 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடாவை வேறு மந்தைக்கு மாற்றினால் நெருங்கிய உறவுக் கலப்பு தவிரும்.

மூன்று நான்கு ஆடு மட்டும் வைத்திருக்கும் குடும்பம் இதைத் தனியே செய்ய இயலாது. ஓர் ஊரின் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து, பொதுக் கிடா ஒன்றையும் பொதுப் பதிவேடு ஒன்றையும் வைத்துக்கொண்டால் இயலும். மண்ணுத்தி மையம் மலபாரில் விவசாயிகளின் வீடுகளில் நடைமுறைப்படுத்திய முறை இதற்கு முன்மாதிரி. காட்டுப்பாக்கம் போன்ற நிலையங்கள் தூய கிடாக்களைத் தந்து, பதிவுகளை ஆராய்ந்து, அடுத்த கிடாவைத் தெரிவு செய்ய உதவினால் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் இது நடக்கும். போயர் கலப்பை விற்பனைக் குட்டிகளோடு நிறுத்தி, தாய்மந்தையைத் தூய தலைச்சேரியாகவே வைத்திருப்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதியாக இருக்க வேண்டும். அப்போது வீட்டுக்கு அன்றாடம் சிறிது பாலும், ஆண்டுதோறும் விற்கக் குட்டியும் கிடைக்கும். அவ்விரண்டையும் தரும் இனமும் அடுத்த தலைமுறைக்குக் குறையாமல் போய்ச் சேரும்.